கானல் நீரும் சரணாகதியும்



கோடையில் தார் ரோட்டில் தண்ணீர் தெரிகிறது. சூடான காற்றில் ஒளி வளைவதால் வரும் கானல் அது. காரணம் தெரிந்த பின்னும் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. மாயையும் அப்படியே. பதவி நிலையற்றது என்று அறிந்தவன்தான் நான். ஆனாலும் ரிடையரான மறுநாள் டெலிபோன் மணி அடிக்காதபோது மனம் தவித்தது.

மாயை தன்னுடையது, தாண்ட அரியது, தன்னைச் சரணடைந்தவர்களே அதைத் தாண்டுவர் என்கிறார் பகவான், கீதை 7-ஆம் அத்யாயம் 14-ஆம் ஸ்லோகத்தில். அவனுடையதை நம் சாமர்த்தியத்தால் விலக்க முடியுமா? அவனே விலக்க வேண்டும்.

ஸந்த்யாவந்தன முடிவில் செய்ததையெல்லாம் நாராயணனுக்கே ஸமர்ப்பிக்கிறோம். ஐம்பது வருஷம் வாயால் சொன்னேன். அன்றுதான் மனதால் சொன்னேன். கானல் இன்றும் தெரிகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, அவ்வளவே.