மரத்தை உள்ளிருந்து தொடங்குங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று இரவு விடுதிப் பக்கம் போனேன். தம்பிகள் கிறிஸ்துமஸ் மரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் வாளி, மணல், சவுக்குக் கிளை, பஞ்சுப் பனி. எங்கள் காலத்து அதே மரம்! நாங்களும் எல்லாவற்றையும் தொங்கவிட்டுவிட்டு, கடைசியில்தான் சீரியல் செட்டைச் சுற்றுவோம். நாற்பது பல்பில் ஒன்று போனால் மொத்தமும் அணையும். "எலக்ட்ரிக்கல்காரனைக் கூப்பிடுடா" என்பார்கள். நான் ஒவ்வொரு பல்பாகத் தடவுவதற்குள் பாதி ஜோடனை கீழே விழுந்திருக்கும்.

முறையாக அலங்கரிக்கக் கற்றது 2017-இல், வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தங்கியிருந்தபோது. அங்கே டிசம்பர் 24 அன்று மரத்தை அலங்கரிப்பது பழைய வழக்கம். வீட்டுக்கார அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்.

முதலில் விளக்கு. அவர் வைத்தது நிஜ மெழுகுவர்த்தி. மேலே வேறு கிளை இல்லாத இடமாகப் பார்த்துக் கிளிப்பு மாட்டினார். பிறகு பெரிய கண்ணாடி உருண்டைகள், தண்டை ஒட்டி உள்ளே. அவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் மரத்தின் இருட்டான நடுப்பகுதியும் மின்னும். சின்ன உருண்டைகளும் வைக்கோல் நட்சத்திரங்களும் கிளை நுனியில். கடைசியில் உச்சி நட்சத்திரம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்!

நான் கீழ்த்திரியை ஏற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து கீழாக ஏற்ற வேண்டும், கீழிருந்து மேலாக அணைக்க வேண்டும். எரியும் சுடருக்கு மேலே கை போகக் கூடாதல்லவா? எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காத பாதுகாப்பு விதி. நம் சவுக்கும் பஞ்சும் நொடியில் பற்றும், தம்பிகளே, நமக்கு எல்.ஈ.டி. போதும். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882-லேயே நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். அந்த அம்மாவின் தாயார் வைத்திருந்த உருண்டை அது. கண்ணாடி அலங்காரத்துக்குப் பேர்போன லௌஷா ஊரில் ஊதியது. என் கை நழுவி உடைந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் சில்லுகளைக் கூட்டி எடுத்தார். உருண்டையின் தகர மூடியும் கொக்கியும் மட்டும் மிஞ்சின. அதை, வழக்கமாக அந்த உருண்டை தொங்கும் கிளையிலேயே மாட்டினார்.

எங்கள் மரத்துக்கு வருஷா வருஷம் உச்சி நட்சத்திரம் கட்டியவன் இன்று நம்மோடு இல்லை. 2021-இல் கொரோனா கொண்டுபோய்விட்டது. அவன் கட்டிய மூங்கில் சட்டம் நேற்று விடுதி ஸ்டோர் ரூமில் கிடந்தது. ஒட்டியிருந்த காகிதமெல்லாம் போய்விட்டது.

தம்பிகளே, இன்று மாலை விளக்கை முதலில் கட்டுங்கள். கடைசியில் அந்தச் சட்டத்தை உச்சியில் வையுங்கள். காகிதம் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை.