நடுக்கள வீரனும் ஊவா மலைச்சரிவும்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களுள் பார்ன்ஸ்லி பெரும்புகழ் படைத்ததன்று. நிலக்கரிச் சுரங்கங்களால் பெயர்பெற்ற யோக்‌ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த அக்கழகம், 2024 ஆம் ஆண்டில் அந்நாட்டின் மூன்றாம் படிநிலையில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம், லீக் கிண்ணப் போட்டியில் வீகன் அணியை அது எதிர்த்து ஆடிய அன்று, பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நடுக்கள வீரராகத் திடலில் இறங்கினார். விமல் யோகநாதன் என்பது அவர் பெயர். வட வேல்ஸில் டிரெலானிட் என்னும் சிற்றூரில் வளர்ந்த தமிழ் இளைஞர் அவர். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இடம்பெற்ற முதல் தமிழர் எனச் செய்தித்தாள்கள் எழுதின.

தமிழரெல்லாம் பெருமை கொண்ட செய்திதான். ஆயினும் பெருமையோடு நின்றுவிடாது, அந்த இளைஞரின் தொடக்க காலத்தைப் பதுளையிலிருந்தும், பசறையிலிருந்தும், ஹப்புத்தளையிலிருந்தும் பார்ப்பது பயனுடையது. அவர் முதற்போட்டியில் இறங்கியது ஒரு தொடக்கம் அன்று. ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பின் முடிவு. லிவர்பூல் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சிறுவனாகவே சேர்ந்து, பின்னர் பார்ன்ஸ்லியின் இளையோர் அணிக்கு வந்து, வேல்ஸ் நாட்டின் இளையோர் அணியிலும் ஆடிய பிறகே அந்த மாலை வாய்த்தது. அந்நாட்டுப் பெருங்கழகங்கள் ஒன்பது வயதுப் பிரிவிலிருந்தே பிள்ளைகளைப் பதிவுசெய்துகொள்கின்றன.

பந்தாட்டத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வொரு தகுதி உண்டு. முன்களத்தில் நிற்பவனுக்கு வேகம் கைகொடுக்கும். பின்களக் காவலனுக்கு உயரமும் உடல் வலிமையும் துணைசெய்யும். நடுக்களத்தில் நிற்பவனின் கதை வேறு. பந்து தன் காலுக்கு வருமுன்பே, தன் முதுகுக்குப் பின் நிற்பவன் யார், வலப்புறத்தில் ஓடத் தொடங்கியவன் யார் என்பதையெல்லாம் அவன் அறிந்திருக்க வேண்டும். இந்த அறிவு பிறவியில் வருவதன்று. 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட முழுத்திடலில், பதினொருவர் பதினொருவராக, ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகினால்தான் வரும். எட்டு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில் அது வாய்க்காவிட்டால் பின்னர் வாய்ப்பது அரிது.

ஊவாவிலோ, சமதரை என்பதே ஒரு செல்வம். ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை நகரமோ அதன் பாதி உயரத்திற்கும் கீழே. இடையில் உள்ள சரிவை இறங்க ரயில் பாதையே தெமோதரையில் தன்னைத்தானே சுற்றிவந்து, தன் அடியிலேயே புகுந்து போகிறது. ரயிலுக்கே இந்தப் பாடென்றால் பந்துக்குக் கேட்க வேண்டுமா? தோட்டங்களில் கிடைத்த சமநிலங்களைத் தேயிலைத் தொழிற்சாலையும், பெரட்டுக்களமும், லயங்களும், கோயில் முன்றலும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய துண்டு நிலந்தான் பிள்ளைகளின் மைதானம். அதன் ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து அந்தப் பக்கம் உருண்டால், உதைத்தவனே இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். அட்டை கடித்த காலோடு அவன் ஏறி வரும்வரை ஆட்டம் நிற்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில் வளரும் சிறுவனின் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நெருக்கத்தில் பந்தைக் காலோடு ஒட்டிவைத்து நாலு பேரை ஏய்த்துப் போவதில் அவன் வல்லவன். மேடேறி மேடிறங்கிப் பழகிய மூச்சு அவனுக்கு உண்டு. ஆனால் நாற்பது மீற்றர் தூரத்திற்குப் பந்தை உயர்த்தி அடிக்க அவன் கால் கூசுகிறது. பந்து தேயிலைக்குள் போய்விடுமே என்ற அச்சம் கால்விரல்வரை இறங்கியிருக்கிறது. தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்க்கும் பழக்கமும் வருவதில்லை. பார்ப்பதற்குத் தூரமே இல்லை. இந்தச் சிறுவனைப் பதினேழு வயதில் முழுத்திடலில் நிறுத்திவிட்டு, ஆட்டம் போதாது என்று தீர்ப்புக் கூறுவது எளிது, நியாயமன்று.

பருவமும் அவனுக்கு முழுத்துணை இல்லை. ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களே திடல் காய்ந்து கிடக்கும் நாட்கள். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணம் ஏறும் பருவமும் அதுவே. ஒக்டோபரில் மழை இறங்கிவிட்டால், மைதானத்தைப்பற்றியன்று, மண்ணைப்பற்றியே கவலை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின் போதும் பதுளை மாவட்டம் கடுமையான சேதம் கண்டது. அத்தகைய நாட்களில் வீடிழந்தோர் ஒதுங்குமிடம் பாடசாலைகள். திடலை எண்ணிப் பார்க்க அப்போது யாருக்கு மனம் வரும்?

நிலம் ஒருவனை எப்படி ஆக்குகிறது என்பதற்குத் தமிழகத்தின் தென்கோடியில் ஓர் எதிர்ச்சான்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்னும் கடலோரக் கிராமத்தில் 1994 இல் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். அவரும் நடுக்கள வீரர். அந்தக் கரையோர ஊர்களில் கழகம் வேண்டாம், பயிற்றுநர் வேண்டாம், கடற்கரை மணலே பள்ளிக்கூடம். சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயர்பெற்று, 2018 இல் ஜம்ஷெட்பூர் அணிக்குச் சென்று, அங்கிருந்து கல்கத்தாவின் பெரிய அணியை அடைந்தார் அவர். 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் கடுங்காயம் பட்டது. இளம் ஆட்டக்காரரின் வாழ்வு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஊவாவின் இளைஞனுக்கு நிலத்தடை மட்டுமா இருந்தது? ஒரு நாட்டின் அணியில் ஆட அந்நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் கணக்கு பின்னரே பேசப்பட்டது. அக்காலத்தில் ஒரு தோட்டத்து அணியின் நடுக்களத்தில் எத்தனை வல்லவன் நின்றிருந்தாலும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமையே அவனுக்கு இல்லை. குடும்பங்கள் பெட்டி கட்டித் தலைமன்னாருக்கு ரயிலேறியபோது இளைஞர்களும் உடன் போயினர். எஞ்சியிருந்தோரின் குறை தீரச் சட்டம் வந்தது 2003 இல்தான். ஆகவே, தோட்டத்துப் பிள்ளைகள் இத்தனை காலம் என்ன செய்தார்கள் என்று கேட்போர் இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டுக் கேட்பது நன்று.

முத்தையா முரளிதரனைச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அவர் பாட்டனார் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பது உண்மையே. ஆனால் முரளிதரன் வளர்ந்தது கண்டியில். படித்தது நல்ல திடலும் பயிற்றுநரும் உடைய புனித அந்தோனியார் கல்லூரியில். அவர் பெயர் இந்த வாதத்தை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது.

இனித் தூரம். வட வேல்ஸிலிருந்து லிவர்பூல் மோட்டார் வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பயிற்சி முடிந்து பிள்ளை தன் வீட்டிலேயே உறங்கலாம். பதுளையிலிருந்து கொழும்பு ரயில் வழியே ஏறக்குறைய 290 கிலோமீற்றர். வண்டி தவறாது ஓடும் காலத்திலும் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். இலங்கையில் தொழில்முறை அடிப்படையில் 2021 இல் தொடங்கிய சூப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் ஆடின. படைப்பிரிவுகளின் அணிகளும் அவற்றுள் அடங்கும். ஊவாவைத் தளமாகக் கொண்ட கழகம் ஒன்றுமில்லை. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. பிள்ளையைக் கொழும்பில் தங்கவைத்து, காற்சப்பாத்தும் வாங்கித் தந்து பந்தாட அனுப்பும் தாயின் கணக்கு அப்போது அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை. அது முடிந்ததும் பலர் கொழும்பின் கடைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் வேலை தேடிப் போகின்றனர். விமல் யோகநாதன் பார்ன்ஸ்லியின் இளையோர் அணியில் கால்பதித்த வயதும் ஏறத்தாழ அதுவே. தீபாவளிக்கு அவர்கள் ஊர் திரும்பும்போது தோட்டத்து மைதானத்தில் மறுபடியும் ஆட்டம் நடக்கும். ஓராண்டாகப் பந்தைத் தொடாத கால்கள் சற்றுத் தடுமாறி, பிறகு பழக்கத்துக்கு வரும். தம்பிமார் மண்மேட்டில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூவுவார்கள். மறுநாள் மாலை பதுளைப் பஸ் நிலையத்தில் அந்த அணியில் பாதிப்பேர் கொழும்பு வண்டிக்காக நிற்பார்கள்.