துப்பாக்கியைத் தள்ளி வைத்தல்

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகளே. உயிரை மாய்த்துக்கொள்ளும் வேகம் பெரும்பாலும் குறுகிய நேரத்தில் தணிந்துவிடும். அந்நேரம் துப்பாக்கி கைக்கெட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் பிழைக்கக்கூடும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. இது பெரிய ஆறுதல்.

ஆகவே வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும்போது, "நீ தேறும்வரை இது என்னிடம் இருக்கட்டுமே" என்று கேட்டு வாங்கி, துப்பாக்கியை வெளியே ஒப்படைப்பதே நல்லது. உறவினர் வீடு, துப்பாக்கிக் கடை, சில ஊர்களில் காவல் நிலையம் என இடங்கள் உண்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வழியில்லையெனில் தோட்டாக்களைப் பிரித்து வேறிடத்தில் பூட்ட வேண்டும். துப்பாக்கி வைத்த பெட்டியின் பூட்டு எண்ணையும் மாற்ற வேண்டும்; பழைய எண் அவருக்குத் தெரிந்திருக்குமே!

அவர் இணங்காவிட்டால், நீதிமன்ற ஆணை வழியே துப்பாக்கியை அவரிடமிருந்து சில காலம் அகற்றச் சில மாநிலங்களில் சட்டம் உண்டு. 1999இல் கனெக்டிகட் மாநிலம் இத்தகைய முதல் சட்டத்தை இயற்றியது. அதில் காவலரும் அரசு வழக்கறிஞருமே மனுச் செய்ய முடிந்தது. கலிஃபோர்னியா 2014இல் இயற்றிய சட்டம், 2016 முதல் குடும்பத்தாரே நீதிமன்றத்தை அணுக வழிசெய்தது. முதலில் 21 நாள்வரை தற்காலிக ஆணை, பிறகு விசாரணை. ஆணைக்காலம் முடிந்தபின் உரியவர் துப்பாக்கியைத் திரும்பக் கோரலாம்.