காய்ச்சல் விட்டாலும் கவனத்தை விடாதீர்கள்



ஸ்ரீரங்கமானாலும் சரி, லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கத்துக் கிராமமானாலும் சரி, ஐப்பசி, கார்த்திகை மழையோடு காய்ச்சலும் வந்துவிடுகிறது. அதில் டெங்குவும் உண்டு. 2012-லும் 2017-லும் தமிழ்நாட்டில் அது கடுமையாகப் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும்.

டெங்கு கிருமி கொசுக்கடி வழியாக உள்ளே போனதும் உடம்பு சும்மா இருப்பதில்லை. ஊருக்குள் திருடன் புகுந்தால் தமுக்கடித்து எல்லாரையும் எழுப்புகிறோம் இல்லையா? கிருமி புகுந்த செல்லும் அப்படித்தான் சில புரதங்களை வெளியே அனுப்புகிறது. அதில் ஒன்று இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மேன் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். "கிருமி வருது, கதவைச் சாத்து" என்று பக்கத்துச் செல்களுக்கு இது சொல்லிவிடும். உடம்பு கொதிப்பதும் இப்படிப்பட்ட தூதுப் புரதங்களால்தான்.

ஆனால், தமுக்குச் சத்தம் அளவுக்கு மீறினால் ஊரே கலவரப்படும். சிலருக்கு இந்தப் புரதங்கள் மிதமிஞ்சிச் சுரந்து, ரத்தக் குழாயின் சுவர் தளர்ந்து, நீர் வெளியே கசிகிறது. ரத்த ஓட்டம் குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். டெங்கு கிருமியில் 4 வகை உண்டு. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை வந்தால் இந்த ஆபத்து அதிகம்.

இது எப்போது நடக்கும்? காய்ச்சல் இறங்கும்போது! பெரும்பாலும் 3-ஆம் நாள் முதல் 7-ஆம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு, களையெடுக்கப் போறேன்" என்று வீட்டுக்காரி கிளம்புவாள். கணவன்மார்களே, அன்று அவளை வேலைக்கு அனுப்பாதீர்கள். கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் நீங்களே கொடுங்கள்.

கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து மயங்குதல், சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் காய்ச்சல் கண்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும்; பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். வாரம் ஒருநாள் கணவனும் மனைவியுமாகத் தொட்டி, அண்டாவைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

வருமுன் காப்போம், வந்தால், காய்ச்சல் விட்ட பிறகும் காப்போம்.