வலையறுத்த கப்பல்



பூகோள வகுப்பில் ஐஸ்லாந்துத் தீவை ஒரே வாக்கியத்தில் கடந்துபோன ஆசிரியன் நான். அத்தீவின் காவற் கப்பல் ஒன்றைப் பற்றிப் பேசி, அக்குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

கப்பலின் பெயர் ஏகிர். 1968-இல் டென்மார்க்கில் கட்டப்பட்டது. வடநாட்டுப் பழங்கதைகளில் கடலை ஆளும் அரக்கனின் பெயர் அது. ஐஸ்லாந்துக்குக் கடற்படை கிடையாது. கடலோரக் காவற்படை மட்டுமே உண்டு. அந்நாட்டின் ஏற்றுமதியில் அன்று பெரும்பங்கு மீன். ஆதலால் மீன்வளம் குன்றுமோ என்றஞ்சி, 12 கடல் மைலாக இருந்த தன் மீன்பிடி எல்லையை 1972 செப்டம்பர் 1-ஆம் நாள் 50 கடல் மைலாக விரித்தது. அங்கே நெடுங்காலமாகக் ‘காட்’ மீன் பிடித்துவந்த பிரிட்டிஷார் அதை ஏற்கவில்லை.

செப்டம்பர் 5-ஆம் நாள், பெயரை மறைத்துக்கொண்டு மீன் பிடித்த பிரிட்டிஷ் கப்பல் ஒன்றை ஏகிர் கண்டது. பெயரென்ன என்று கேட்டதற்கு, வானொலியில் பிரிட்டனின் தேசபக்திப் பாட்டொன்றுதான் விடையாக வந்தது! உடனே ஏகிர் தன் கருவியைக் கடலில் இறக்கிற்று.

அதன் வேலையைச் சொல்கிறேன். மீன்பிடிக் கப்பல், பை போன்ற பெருவலையை இரண்டு எஃகு வடங்களால் பின்னே இழுத்துச் செல்லும். காவற் கப்பலோ, கத்திகள் பொருத்திய நங்கூரம் போன்றதொரு கருவியை நீண்ட கயிற்றில் இழுத்துக்கொண்டு அதன் பின்புறமாகக் குறுக்கே ஓடும். வடம் கத்தியில் சிக்கி அறுபடும். அன்று ஒரு வடம் அறுந்தது. மீனவர்கள் நிலக்கரியையும் ஒரு கோடரியையும் ஏகிர்மீது வீசினார்கள். கோபம் வந்தால் கையில் அகப்பட்டதெல்லாம் ஆயுதம்தானே!

அறுபட்டது வலையே, ஆளல்ல. ஆயினும் இதை உயிர்ச்சேதமற்ற போர் என்று சொல்வதற்கில்லை. 1973 மே மாதம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் காவலுக்கு வந்தன. ஏகிரும் ஒரு மீன்பிடிக் கப்பலைப் பீரங்கியால் சுட்டது. ஆகஸ்டு 29-இல் போர்க்கப்பல் ஒன்றோடு ஏகிர் மோதிற்று. சேதத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பொறியாளர்மேல் கடல்நீர் பாய, மின்சாரம் தாக்கி அவர் இறந்தார்.

1975-இல் எல்லை 200 கடல் மைலாயிற்று, மீண்டும் மோதல்கள். 1976 ஜூன் மாதம் பிரிட்டன் இணங்கிற்று. வேடிக்கை என்னவெனில், 1977 ஜனவரி 1 முதல் பிரிட்டனும் தனக்கு அதே 200 மைல் எல்லையை வகுத்துக்கொண்டது. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களில் கூலிக்கு வலையிழுத்தவர்கள் வேலையிழந்து நின்றார்கள். அவர்களுக்கான நஷ்டஈட்டுத் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது 2000-ஆம் ஆண்டில்.