பல் வைத்தியக் கல்விக்கு முன்பயிற்சி எங்கே பெறுவது?

(பழவேற்காட்டில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் கல்வியைப் பற்றிச் சில வார்த்தை பேச வேண்டுமென்று சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டார்கள். கல்வியின் பெருமையை விரித்துரைப்பது இன்று எமது நோக்கமன்று. அதனை நம் தாய்மார்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். மீன்கூடையைத் தலையிற் சுமந்து, அந்த வருவாயில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியவர்கள் அவர்களே அல்லரோ? யாம் எடுத்துக் கொண்ட விஷயம் சிறியது. ஆயினும் பல குடும்பங்களின் பொருளையும் பிள்ளைகளின் காலத்தையும் பற்றியது. பல் வைத்தியக் கல்லூரியிற் சேர விரும்பும் நம் பிள்ளைகள், அதற்கு முன் வேண்டிய விஞ்ஞானப் பாடங்களையும் பயிற்சியையும் எங்கே பெறுவது என்பதே அது.

பல் வைத்தியம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வெற்றிலையும் புகையிலையும் நம்மவர் வாயை விட்டு நீங்காதிருப்பதை யாவரும் அறிவர். இரவெல்லாம் நீரில் நிற்பவன் குளிருக்கும் தூக்கத்துக்கும் அதனையே துணையாகக் கொள்கிறான். பல்வலி வந்தால் கிராம்பை வைத்து அடக்குகிறோம். ஈறு வீங்கினால் உப்பு நீரால் கொப்பளிக்கிறோம். ஆறாத வாய்ப்புண்ணையும் அவ்வாறே அலட்சியம் செய்கிறோம். புகையிலையால் வாயில் புற்றுநோய் உண்டாகும் என்பது உலகம் ஒப்பிய உண்மை. அதனை முதலிற் காணும் கண் பெரும்பாலும் பல் வைத்தியருடையதே. அக்கண் நம் குலத்துப் பிள்ளையின் கண்ணாக இருந்தால் நம்மவர் கூச்சமின்றி வாய் திறப்பார்கள்.

முற்காலத்தில் இக்கல்வி பெறுவது எளிதாக இல்லை. ரபியுத்தீன் அகமது என்னும் பெரியார் அமெரிக்க தேசம் சென்று, ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ஆம் ஆண்டு பட்டம் பெற்றுத் திரும்பி, 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவினார். சென்னையில் 1953-ஆம் ஆண்டிலேதான் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அரசாங்கத்தார் இக்கல்வியைத் தொடங்கினர். இன்றோ சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரிகள் உள்ளன. தனியார் கல்லூரிகள் பல. நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தால் பி.டி.எஸ். பட்டம் கைகூடும். வழி அருகே வந்துவிட்டது. வாயிலைத் திறக்கும் திறவுகோல்தான் மாறிவிட்டது.

அத்திறவுகோல் நீட் தேர்வு. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் நுழைவுத் தேர்வு நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதுமென்றிருந்தது. 2017-ஆம் ஆண்டு முதல் மருத்துவத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் நீட் கட்டாயமாயிற்று. அது வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். நம் சட்டசபை அதனை எதிர்த்து மசோதாக்கள் நிறைவேற்றியும் விலக்குக் கிட்டவில்லை. அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று நம் பிள்ளைகள் காத்திருக்க இயலுமா? தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45, உயிரியலுக்கு 90 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும்.

நிற்க. இப்பயிற்சியை எங்கே பெறுவது என்பதில் எமது இல்லத்திலேயே நிகழ்ந்த ஒரு பிழையை மறைக்காமற் கூறுகின்றோம். எம் மூத்த மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசாங்கப் பள்ளியிற் படித்தவள். 2021-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்ததும், வெளியூரில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளி ஒன்றில் அவளைச் சேர்த்தோம். படகு எஞ்சின் ஒன்றும், அவள் அன்னையின் வளையலும் அதற்கு விலையாயின. ஈராண்டு கழித்து அவள் நீட் எழுதினாள், தேறினாள். ஆயினும் இடம் கிடைக்கவில்லை. அவளினும் குறைந்த மதிப்பெண் பெற்ற அரசாங்கப் பள்ளி மாணவர் பலர் அவ்வாண்டில் இடம் பெற்றனர். காரணம் யாது?

2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசாங்கப் பள்ளியிற் படித்து நீட் தேறியவர்க்கு, மருத்துவ, பல் வைத்திய இடங்களில் 100-க்கு 7.5 வீதம் தனியே ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அரசாங்கப் பள்ளி மாணவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ். இடம் மட்டும் 300-க்கு மேல் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்பதாக அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றமும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் இச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எம் மகள் கடைசி இரண்டு ஆண்டு வேறு பள்ளிக்குச் சென்றதனால் அவ்வுரிமையை இழந்தாள். இழந்தாள் என்பதைவிட யாம் இழக்கச் செய்தோம் என்பதே பொருந்தும். அவள் எம்மை ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அதுவே எம்மை இன்றும் வருத்துகின்றது.

இதனை நம் ஏரிப் பாட்டைக்கொண்டே விளக்கலாம். இறால் பிடிக்கும் பாடுகளை முறைவைத்துப் பகிர்ந்து கொள்ளும் வழக்கத்தை நம் முன்னோர் ஏற்படுத்தினர். ஒருவன் எவ்வளவு நல்ல வலை வைத்திருந்தாலும், பாட்டுக்குரியவர் பட்டியலில் அவன் பெயர் இல்லையேல் அவ்விடத்தில் வலை விரிக்க இயலாது. யாம் செய்தது, புது வலை வாங்கும் ஆசையில் பட்டியலிலிருந்த பெயரை நாமே அடித்துவிட்டது போன்றது. ஆதலின் முதல் விதி இது: பயிற்சியை எங்கே வேண்டுமாயினும் பெறலாம், பள்ளியை மட்டும் விட்டு நீங்கலாகாது. சனி ஞாயிறுகளில் வெளியே பாடம் கேட்பதனால் உரிமை கெடுவதில்லை. பள்ளியின் பதிவேட்டிற் பெயர் எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. அரசு உதவிபெறும் பள்ளி, பெயரில் அரசு என்னும் சொல் இருந்தும், இக்கணக்கிற் சேராது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

இரண்டாவது விதி, பதினோராம் வகுப்பிற் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது. பல் வைத்தியத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். கணிதத்தோடு கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்கு உயிரியல் இராது. பதினைந்து வயதிற் செய்த தேர்வு பதினெட்டு வயதில் வழியை மறிக்கும். அவ்வாறு நேர்ந்துவிட்டவர்கள் மனந்தளர வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதற் பாடமாகக் கற்றுத் தேறியவரும் நீட் எழுதலாமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக அப்பாடத்தைக் கற்கலாம். அங்ஙனம் கற்கும்போது, வீட்டிற்கு அருகிலுள்ளது என்பதற்காக மட்டும் ஒரு மையத்தைக் கொள்ளாதீர்கள். செய்முறை வகுப்பு மெய்யாகவே நடைபெறும் மையத்தைத் தேடுங்கள். தவளையின் படத்தைப் பார்த்ததும் நுண்ணோக்கியிற் கண் வைத்துப் பார்த்ததும் ஒன்றாகா.

அமெரிக்க தேசத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பெரும்பாலோர் முதலில் ஒரு பட்டம் பெற்று, உயிரியல், வேதியியல், இயற்பியல் முதலிய பாடங்களை முடித்தே பல் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கின்றனர். அப்பாடங்களைச் செலவு குறைந்த ஈராண்டுக் கல்லூரியிற் கற்றால் சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்பதில்லை. ஆகையால் அங்குள்ள மாணவர், எந்த வாயிலில் நுழைய வேண்டுமோ அவ்வாயிலின் விதியை முதலிற் கேட்டறிந்து, பிறகே கற்கும் இடத்தைத் தீர்மானிக்கின்றனர். நாமும் அவ்வாறே ஒவ்வோராண்டும் நீட் தகவற் கையேட்டையும், தமிழ்நாட்டு மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வெளியிடும் கையேட்டையும் முதலிற் படித்தல் வேண்டும்.

இனி இடங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். சென்னையில் புகழ்பெற்ற பயிற்சி நிலையங்கள் பல உள்ளன. ஆனால் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பஸ்ஸிற் சென்று, அங்கிருந்து ரயிலேறி, மாலையில் அவ்வாறே திரும்பும் பிள்ளைக்குப் படிக்கும் நேரம் எங்கே? விடுதியில் தங்கினால் செலவு பெருகும். தேர்வோ மே மாதத் தொடக்கத்தில் வருவது அண்மை ஆண்டுகளின் வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடற்றடை. கூலிக்குப் படகேறும் வீட்டில் வருவாய் நிற்கும் காலமும், நிலையத்தார் இறுதித் தவணை கேட்கும் காலமும் ஒன்றாகவே வந்து நிற்கும். கந்து வட்டிக்குக் கடன் பெறும் இடம் அதுதான். முழுத் தொகையையும் முன்பே கட்டச் சொல்லும் நிலையத்தில், இடையில் நிற்க நேரின் என்ன திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமற் பணம் கொடாதீர்கள்.

பொன்னேரி போன்ற அருகிலுள்ள ஊரில் வாரத்தில் இரு நாள் வகுப்புக் கேட்டு, மற்ற நாள் பள்ளியிலும் வீட்டிலும் படிப்பது நம்மவர்க்கு ஏற்றது. அரசாங்கப் பள்ளி மாணவர்க்கு அரசாங்கமே நடத்தும் கட்டணமில்லாப் பயிற்சியும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. எந்த நிலையமாயினும் மூன்று கேள்வி கேளுங்கள். வாரந்தோறும் தேர்வு வைத்து, தவறிய விடை ஏன் தவறிற்று என்று உபாத்தியாயர் பிள்ளையோடு உட்கார்ந்து விளக்குகிறாரா? பாடம் எம்மொழியில் நடக்கிறது? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? சுவரில் ஒட்டிய வெற்றியாளர் படங்களைவிட இம்மூன்றின் விடையே மேலானது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். வினாத்தாளில் ஆங்கிலமும் உடன் இருக்கும். 2018-ஆம் ஆண்டில் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு எழுந்து, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொல்லிற்று. உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஐயம் தோன்றினால் ஆங்கில வாசகமே முடிவானது என்பது விதி. ஆதலின் தமிழில் விளங்கிக் கற்று, கலைச்சொற்களை இரு மொழியிலும் அறிந்திருப்பதே சாலச் சிறந்தது. தமிழிற் படித்த பிள்ளையை, ஆங்கிலத்தில் மட்டும் விரைந்து பாடம் சொல்லும் வகுப்பில் திடீரென்று அமர்த்தினால், அறிவுள்ள பிள்ளையும் தன்னை மந்தமென்று எண்ணிவிடும். எம் மகளுக்கு முதல் ஆறு மாதம் அந்நிலையே இருந்ததென்று பிற்பாடுதான் அறிந்தோம்.

பெற்றோர்களே! பெண்பிள்ளை இரவில் திரும்பி வர வேண்டுமே என்ற அச்சத்தினால் அவள் படிப்பையே நிறுத்திவிடாதீர்கள். ஒரு குப்பத்திலிருந்து நால்வர் ஐவராகச் செல்லட்டும். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெரியவர் முறைவைத்து நிற்கட்டும். ஏரியில் முறைவைத்துப் பாடு பார்க்கத் தெரிந்த நமக்கு இந்த முறையை வைக்கத் தெரியாதா? ஐப்பசி கார்த்திகை மழையில் பாதை நீரில் மூழ்கும் நாட்களுக்கு, சங்கக் கட்டடத்திலேயே ஓர் அறையும் விளக்கும் ஒரு தொகுதிப் பாடநூல்களும் வைக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் சங்கத்தார் இவ்வாண்டே மேற்கொள்ள வேண்டுமென்று பணிவோடு கேட்டுக் கொள்ளுகின்றோம்.

கலந்தாய்வுக்கு வேண்டிய சான்றிதழ்களையும் முன்பே சேர்த்து வையுங்கள். நம் சமூகத்தார் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர். அவ்வுரிமைக்குச் சாதிச் சான்றும், 7.5 வீத உரிமைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளிச் சான்றும் வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டுப் பெறுதல் நலம். கடைசி நாளில் அலைந்து கண்ணீர் விட்ட வீடுகளை யாம் கண்டிருக்கிறோம்.

எம் இளைய மகன் இப்போது ஊர் அரசாங்கப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கின்றான். சனி ஞாயிறுகளில் பொன்னேரிக்குச் சென்று வருகின்றான். மாலையில் அவனுக்கு உயிரியல் சொல்லிக் கொடுப்பவள் அவன் தமக்கை. அவன் வெல்வானா என்பது இறைவன் சித்தம். அவனுடைய உரிமையை இம்முறை யாம் கெடுக்கவில்லை என்ற அமைதி மட்டும் எமக்கு உண்டு. அவ்வமைதி உங்கள் ஒவ்வோர் இல்லத்துக்கும் வாய்க்க வேண்டுமென்றே இவ்வளவும் கூறினோம்.