உப்பும் சீனியும் திறக்கும் வாசல்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)

 

அறிவியல் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். ராக்கெட்டைப் பற்றிப் பேசலாம், நிலாவைப் பற்றிப் பேசலாம். ஆனால் அவை தூரத்தில் இருப்பவை. நம் உடம்புக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல், நொடிதோறும் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அது தெரியாமல் போனதால் எத்தனையோ பிள்ளைகளின் உயிர் போயிருக்கிறது. அது தெரிந்ததால் கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தும் இருக்கின்றன.

முதலில் நமக்குத் தெரிந்த பால்மரத்திலிருந்து தொடங்குவோம். விடியற்காலை இருட்டில் நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். “ஏம்மா இவ்வளவு சீக்கிரம் போறீங்க? வெயில் வந்த பிறகு போனா என்ன?” என்று சின்ன வயதில் என் தாயாரிடம் கேட்டேன். “வெயில் ஏறினா பால் இறங்காதுடா” என்றார். என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் அவர் சொன்னது முழுக்க முழுக்க அறிவியல்.

பால்மரத்தின் பட்டைக்குள் நுண்ணிய பால் குழாய்கள் இருக்கின்றன. அவை உயிருள்ள அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டானவை. இரவில் வேர் நீரை உறிஞ்சுகிறது, இலைகளோ அதிகம் நீரை இழப்பதில்லை. ஆகவே விடியும் நேரத்தில் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் சுமார் 10 வளிமண்டல அளவுக்கு ஏறிவிடுகிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல் நாலைந்து மடங்கு! அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் பீறிட்டு வந்து மங்கில் இறங்குகிறது. வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய்விடும், அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

சரி, அந்தப் பாலுக்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து வருகிறது? இலையில் உண்டாகும் சர்க்கரையிலிருந்துதான் ரப்பர் உருவாகிறது. ஆனால் பால் குழாய்களுக்கும் அக்கம்பக்கத்து அணுக்களுக்கும் இடையே நேரடியான திறப்பு இல்லை. நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மறித்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரையும் நீரும் அந்தச் சவ்வைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். எப்படிக் கடக்கின்றன? இதுதான் இன்றைய பேச்சின் கரு.

மாணவச் செல்வங்களே, நம் ஒவ்வொருவர் உடம்பிலும் முப்பது லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் கனம். அது கொழுப்பால் ஆனது. இரண்டு அடுக்காக அமைந்தது. 1925-ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சு அறிஞர்கள் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பி அளந்து, இந்த இரட்டை அடுக்கைக் கண்டு சொன்னார்கள்.

கொழுப்பும் நீரும் ஒட்டாது என்பது சமையலறையில் நாம் தினமும் பார்ப்பது. உப்பும் சர்க்கரையும் நீரில் கரைபவை. எனவே கொழுப்புச் சுவரைத் தாமாக அவை தாண்ட முடியாது. ஆகையால் இயற்கை அந்தச் சுவரில் வாசல்கள் வைத்திருக்கிறது. அந்த வாசல்களும் வாசல் காப்போரும்தான் புரதங்கள். பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் இருக்கிறதே, அந்தப் புரத இனந்தான்.

இந்த வாசல்கள் ஒரே மாதிரி அல்ல. சில, நீருக்கு மட்டும் திறந்த கால்வாய். அமெரிக்க அறிஞர் பீட்டர் ஏகர் 1992-ல் இதை உறுதி செய்தார். 2003-ல் நோபல் பரிசு பெற்றார். அப்படிப்பட்ட ஒரு கால்வாய் வழியே ஒரு வினாடியில் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன. ஆனால் நீரைத் தவிர வேறெதுவும் அதில் நுழைய முடியாது.

வேறு சில, பம்பு போல வேலை செய்பவை. டென்மார்க் நாட்டு ஸ்கவ் என்பவர் நண்டின் நரம்பை ஆராய்ந்து, 1957-ல் ஒரு பம்பைக் கண்டுபிடித்தார். அது ஒவ்வொரு தடவையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. “நான் சும்மாதான் இருக்கேன்” என்று இனி யாரும் சொல்லாதீர்கள்! உங்கள் உயிரணுக்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை.

அந்தப் பம்புக்குச் சக்தி ஏது? பேராக் ஆற்றில் தெமெங்கோர் அணையைப் பார்த்திருப்பீர்கள், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் நீரைத் தேக்கி, குறுகிய வழியாக விட்டு, சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். நம் உயிரணுவுக்குள்ளும் அப்படியே நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் உள்சவ்வுதான் அணைக்கட்டு. நாம் உண்ட சோற்றையும் சுவாசித்த பிராணவாயுவையும் கொண்டு, அந்தச் சவ்விலுள்ள புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளை ஒரு பக்கமாகத் தள்ளித் தேக்குகின்றன. தேங்கியவை திரும்பி வர ஒரு வாசல் உண்டு. அந்த வாசலிலே ஒரு சக்கரம் இருக்கிறது. அயனிகள் பாயப் பாயச் சக்கரம் சுழல்கிறது. சுழலச் சுழல ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் உண்டாகிறது. உடம்பின் காசு என்றே அதைச் சொல்லலாம். பம்பு ஓடுவதும், கை கத்தியைப் பிடிப்பதும், நீங்கள் இப்போது என் பேச்சைக் கேட்பதும் அந்தக் காசைச் செலவழித்துத்தான்.

1961-ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் இந்த அணைக்கட்டுக் கருத்தைச் சொன்னபோது பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, அங்கேயே சிறிய ஆராய்ச்சிக்கூடம் அமைத்து உழைத்தார். 1978-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, இனிச் சொல்லப்போவது உங்களுக்கு.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. என் தாயார் எட்டிப் பார்த்து, “ஏம்மா, புள்ளைக்குத் தண்ணி குடுக்கலையா?” என்றார். “தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொல்றாங்கக்கா. வயித்தைக் காயப் போட்டிருக்கேன்” என்றாள் அந்தத் தாய். மறுநாள் குழந்தையின் கண் குழி விழுந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. அவள் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவள். பாசத்தில் குறைவில்லை, தெரியாமைதான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது.

அந்த நம்பிக்கை ஏன் வந்தது தெரியுமா? வெறும் தண்ணீரைக் கொடுத்தால் பலன் குறைவாக இருந்தது உண்மை. குடலிலே நீர் உள்ளே போகவேண்டுமானால் சோடியம் முன்னே போகவேண்டும். உப்பு போகும் பக்கம் நீர் தானே பின்தொடரும். காலரா போன்ற நோயில் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. உப்பு உள்ளே போகும் வழக்கமான வழியும் அடைபடுகிறது.

ஆனால் ஒரு வாசல் மட்டும் கெடாமல் இருக்கிறது! அந்த வாசலில் ஒரு வினோதமான சட்டம் உண்டு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் கூட்டாக வந்தால்தான் உள்ளே விடும். உப்பு தனியாக வந்தாலும் சரி, சர்க்கரை தனியாக வந்தாலும் சரி, அங்கே வேலை நடக்காது. இருவரும் கைகோத்து வரவேண்டும். அமெரிக்க அறிஞர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் நடந்த அறிஞர் கூட்டத்தில் இந்தக் கூட்டுப் பயணத்தை எடுத்துரைத்தார். முன்பு சொன்ன பம்பு சோடியத்தை உயிரணுவிலிருந்து ஓயாமல் வெளியேற்றுவதால்தான் குடலிலுள்ள சோடியம் உள்ளே பாய முடிகிறது. பாயும்போது சர்க்கரையையும் இழுத்துச் செல்கிறது. நீர் இருவர் பின்னாலும் போகிறது.

1968-ல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து மருத்துவர்கள் பலன் கண்டார்கள். 1971-ல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோரத்துப் போங்கான் ஊரில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்ன செய்தார்? உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து பீப்பாயில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்ட இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 1978-ல் லான்செட் என்ற மருத்துவ இதழ், உப்பும் சர்க்கரையும் குடலில் சேர்ந்து செல்வதைக் கண்டது அந்த நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. 2022-ல் காலமான அந்த மருத்துவருக்கு மறு ஆண்டு இந்தியா பத்ம விபூஷண் விருது அளித்தது.

பெற்றோர்களே, வயிற்றோட்டம் என்றால் கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கி, அதில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். உடனே கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. அளவு முக்கியம்! உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. சீனி கூடினால் குடலிலிருந்து நீரை அது வெளியே இழுத்து, வயிற்றோட்டத்தை அதிகமாக்கும். கலர்த் தண்ணீரும் போத்தல் பானமும் ஆகாது என்பது இதனால்தான். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்ற சொல் வேண்டாம். இன்றும் உலகில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த நோயால் மடிகின்றன.

மீண்டும் பால்மரத்துக்கு வருகிறேன். பால் குழாய்க்குள் சர்க்கரை போவதும் இதே கூட்டுப் பயணந்தான். அங்கே சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனி துணை வருகிறது; அவ்வளவே வேறுபாடு. பால் அதிகம் இறங்க மரத்துக்கு மருந்து பூசுவோமே, அது நீரும் சர்க்கரையும் போகும் வாசல்களைப் பெருக்குகிறது. அளவு மீறிப் பூசி, அளவு மீறிச் சீவினால் மரம் வறண்டுபோகும். மரத்துக்கும் அளவு, மனிதருக்கும் அளவு.

மாணவச் செல்வங்களே, உங்கள் உடம்பும் பால்மரமும் ஒரே சட்டத்தில் இயங்குகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர்கள், ஒரு காலத்தில் உங்களைப் போல் பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்களே. நண்டு நரம்பைப் பார்த்தவர், குடலைப் பார்த்தவர், பீப்பாயில் உப்பைக் கரைத்தவர் என்று ஒவ்வொருவரும் ஒரு கை கொடுத்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. உயிருக்கு உப்பிட்ட இவர்களையும் நினைப்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும், பரிசு வாங்கியவரும் வாங்காதவரும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் “ஒரு லிட்டர் நீர், ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு” என்று பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி ஒரு பிள்ளையின் உயிரைக் காத்தால், அதைவிடப் பெரிய பரிசு இந்த மேசையில் இல்லை.